ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 22 வயது, லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்றை ஓட்ட அவரைக் கூப்பிடுகிறார்கள். பயிற்சிப் பள்ளியில் மறுபடி பணம் கட்டிப் படித்தால் விபத்து நடக்காது என்று சொல்ல முடியுமா, எப்படி ஓட்டினாலும் ஏதாவது ஆகிவிட்டால் பழி ஓட்டியவன் தலையில்தானே விழும் என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அம்மாவும் அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறார்." சகோதரி, அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மாவைத் தம்பியின் கையில் ஒப்படைக்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்காரன். 17 வருடம் லாரியும் பஸ்ஸும் ஓட்டினேன், 14 வருடமாக ஓட்டுநர் பயிற்சி கொடுத்துவருகிறேன். பயிற்சி கொடுப்பவனிடமே பயிற்சியால் பயன் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வான் என நினைப்பீர்கள். அதனால் எனக்குப் பாதகமான பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் உட்கார வைத்துச் சாலைப் பாதுகாப்புப் பாடம் நடத்துவதால் மட்டும் விபத்து குறைகிறது என்பதற்கு உலகில் நல்ல சான்று கிடைக்கவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டுப் பார்த்தவர்கள், லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு மறுபடி நடத்தும் வகுப்புகள் விபத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த இடங்களில் பிள்ளைகள் சீக்கிரமே லைசென்ஸ் எடுத்ததுதான் மிச்சம். நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியை இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பையன்களுக்குத்தான் வழுக்கல் விபத்து கூடியது. சமாளிக்கத் தெரியும் என்ற தைரியம் வந்ததும் வேகமும் வந்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. என் மாணவர்கள் சிலரின் முகம் நினைவுக்கு வந்தது.

பலன் தந்த முறை ஒன்றும் உண்டு. 1987இல் நியூசிலாந்தில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய படிப்படியான லைசென்ஸ் முறை அது. புதிதாக ஓட்டுபவருக்கு ஒரே நாளில் எல்லா உரிமையையும் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன்பின் தனியாக ஓட்டலாம், ஆனால் இரவு நேரத்தில் கூடாது, இளைஞர் கூட்டத்தை ஏற்றிக்கொண்டும் கூடாது. அந்தக் காலத்தைக் கடந்தால்தான் முழு லைசென்ஸ். இது உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. நம் நாட்டில் இந்த ஏற்பாடு சட்டத்தில் இல்லை. பழகுநர் உரிமம் எடுத்த 30 நாளில் தேர்வுக்குப் போகலாம். தேர்வு முடிந்த மறுநாளே நள்ளிரவில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கலாம்.

விதிப்படி கார் ஓட்டப் பழகுபவருக்குப் பயிற்சிப் பள்ளி குறைந்தது 21 நாள் பயிற்சி தர வேண்டும், அதில் 10 மணி நேரமாவது அவர் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டக் கற்பவருக்கு 30 நாள், 15 மணி நேரம். 2021இல் வந்த புதிய விதியின்கீழ் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் காருக்கே 29 மணி நேரம் நிர்ணயித்திருக்கிறார்கள். நடப்பதைத்தான் நீங்களே பார்த்திருப்பீர்களே. தமிழ்நாட்டில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும், கேரளத்தில் காருக்கு எச் போட வேண்டும். இரண்டும் தட்டையான மைதானத்தில், கம்பு நட்ட இடைவெளிக்குள், நடந்துபோகும் வேகத்தில் முடிந்துவிடும். மைதானத்துக்கு வெளியே சாலையில் ஓட்டிக் காட்டுவதும் சில நிமிட வேலைதான். மலைச் சாலையில் சுமையோடு இறங்கத் தெரியுமா என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. உங்கள் தம்பி தினமும் செய்யப்போகும் வேலையோ அதுதான்.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது வண்டி தானாகவே பேசும். கியர் போதவில்லை என்றால் திணறும், உறுமும். நீங்கள் கியரைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இறங்கும்போது அது வாயே திறக்காது. மூன்றாவது கியரில் விட்டாலும், நியூட்ரலில் விட்டாலும் வழுக்கிக்கொண்டு போகும், சுகமாகக்கூட இருக்கும். அந்தச் சுகத்தை நம்பியவர்கள்தான் பள்ளத்தில் கிடந்தார்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்ததற்கு அர்த்தம் உண்டு. சிறிய கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். பெரிய கியரில் விட்டுவிட்டுப் பிரேக்கின் மேலேயே காலை வைத்திருந்தால் வண்டியின் வேகமெல்லாம் சூடாக மாறி, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மிலும் அதை அழுத்திப் பிடிக்கும் லைனிங்கிலும் ஏறும். ஓரளவுக்கு மேல் சூடேறினால் லைனிங் பிடிக்காது. ஜீப் போன்ற வண்டிகளில் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சுபோல் இறங்கித் தரையைத் தொட்டுவிடும். பழைய ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிரேக்குக்குத் துணை நிற்கும் சக்தியும் போய்விடுகிறது. சாவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு 24 வயது இருக்கும்போது மரத்தடி ஏற்றிய லாரியைக் குமுளியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூத்த டிரைவர் ஒருவர் கண்ணயர்ந்திருந்தார். கம்பத்தில் லோடை இறக்கிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற அவசரம் எனக்கு. இரண்டில் இறங்க வேண்டிய இடத்தில் மூன்றில் விட்டேன். நாலைந்து வளைவு தாண்டியதும் கருகிய ரப்பர் நாற்றம் வந்தது, ஏதோ பின்னால் வரும் வண்டி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன், பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. நாற்றத்திலேயே அவர் விழித்துவிட்டார். "காலை எடு, கியரைக் குறை, மலைப் பக்கம் ஒடி" என்று மூன்றே வார்த்தைபோலச் சொன்னார். இடது முன் சக்கரத்தை ஓடையில் இறக்கி, மண்மேட்டில் உரசி உரசித்தான் வண்டி நின்றது. இரைச்சல் பாலத்துக்குச் சற்று மேலே. இறங்கிப் பார்த்தால் சக்கரத்திலிருந்து புகை. குடத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றப்போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். சுட்டுக்கொண்டிருக்கும் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்றார். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மூத்தவர் பக்கத்தில் இல்லாதிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். படிப்படியான லைசென்ஸ் முறை ஏன் வேலை செய்கிறது என்று ஆய்வு படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. கை வேலையை மட்டும் கற்றுக்கொடுக்கும் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு மிச்சம் வைத்து ஓட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி. மிச்சம் என்று நான் சொல்வது தூரத்தையும் நேரத்தையும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகும். ஈரச் சாலையில் அதன்பின் நிற்க இன்னும் 16 மீட்டர், மொத்தம் 27. அதே வண்டி 60இல் போனால் மொத்தம் 50 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இது சமதளக் கணக்கு. இறக்கத்தில், சுமையோடு, தேய்ந்த டயரோடு இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவில் உங்கள் கண்ணுக்கு எட்டும் சாலை எவ்வளவோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள விதி. ஏறும் வண்டி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கடினம் என்பதால் வைத்தது. எங்கள் பக்கம் நூற்றுக்குப் பாதிப்பேருக்காவது இது தெரியாது என்பது என் அனுபவம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழி யார் மேல்? போலீஸ் பதிவில் பெரும்பாலும் ஓட்டுநர் மேல்தான். 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த இறப்புகளில் 71 சதவீதத்துக்கு மிகை வேகமே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையை நம்பலாம். காரணப் பட்டியலை நான் அதே அளவு நம்ப மாட்டேன். விபத்து நடந்த இடத்துக்கு வரும் காவலர் படிவத்தில் ஏதாவது ஒரு காரணக் கட்டத்தில் குறியிட வேண்டும். சாலையின் சாய்வு தவறா, தடுப்புச் சுவர் உடைந்து எத்தனை மாதம் ஆகிறது, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்று அளந்து பார்க்க அவருக்கு நேரமும் கிடையாது, கருவியும் கிடையாது. வேகம் என்று எழுதிவிட்டால் கோப்பு நகரும். எல்லையில் வாழ்கிற நமக்கு இன்னொரு கணக்கும் கண்ணில் படும். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். கேரளத்தில் 43,910 விபத்துகள், 4,317 இறப்புகள். மலையாளிகள் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று கம்பத்திலும், பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள், கண்மூடித்தனமாக ஓட்டுகிறார்கள் என்று குமுளியிலும் இதை வைத்தே பேசுவார்கள். எண்கள் உண்மை. அந்த முடிவுதான் ஐயத்துக்குரியது. வளைந்து நெளிந்து வீடுகளுக்கு நடுவே போகும் கேரளச் சாலையில் வேகமே எடுக்க முடியாது, ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருக்கும். சின்ன இடிப்புக்குக்கூடக் காப்பீட்டுக்காக வழக்குப் பதிகிறார்கள் என்றும் சொல்வதுண்டு. ஓட்டுநரின் குணம் இதில் எவ்வளவு, சாலையும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண்கள் போதாது.

சட்டமும் ஓட்டுநரோடு நின்றுவிடவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாலையைத் தரப்படி அமைக்காததால் உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பதினெட்டு நிரம்பாத பையன் ஓட்டினால் பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரிடும். பொறுப்பு பலருக்கும் உண்டு என்று சட்டமே ஒத்துக்கொண்டுவிட்டது. நடைமுறையில் ஒரு சாலைப் பொறியாளர் கூண்டில் நின்றதை என் வாழ்நாளில் நான் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் அம்மா போகும் ஜீப்பைப் பார்ப்போம். விடியும் முன்பே எழுந்து சமைத்துத் தூக்குவாளியை நிரப்பிக்கொண்டு பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் வரும். பின்னால் எதிரெதிரே இரண்டு பலகை. நான்கு பேர் உட்காரும் பலகையில் ஆறு பேர், நடுவில் கீழே இரண்டு பேர், முன்னால் டிரைவரோடு மூன்று பேர். டிரைவரின் இடது தொடைக்கும் கியருக்கும் நடுவே ஒரு அக்காவின் முழங்கால் இருக்கும். அந்த முழங்காலைத் தாண்டித்தான் அவன் இரண்டாவது கியரைத் தேட வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை என்பதால் ஜீப்காரருக்கு ஆள் கூடினால் லாபம். தோட்டத்தில் நேரத்துக்குப் பேர் கொடுக்காவிட்டால் அரைநாள் கூலி போய்விடும், அதனால் பெண்களுக்கும் அவசரம். வழியில் ஒரு ஆள் வரத் தாமதமானால் அந்தப் பத்து நிமிடத்தை மலையில்தான் மீட்க வேண்டும். மாலையில் எல்லாரும் களைத்துப்போய், சில மாதங்களில் மழையோடும் மூடுபனியோடும், இறக்கத்தில் திரும்புகிறார்கள். சகோதரி, அந்த ஜீப்பின் வேகத்தை உங்கள் தம்பி மட்டும் முடிவு செய்யவில்லை. தோட்டக்காரர், ஜீப் உரிமையாளர், தாமதமாக வந்த ஆள் என்று எல்லாருடைய காலும் அந்த ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. 22 வயதுப் பையனால் அத்தனை பேரையும் எதிர்த்து "முடியாது" என்று சொல்ல முடியுமா? மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை என்று நினைக்கிறேன். ஆனால் சொன்னால் வேலை போய்விடும் என்ற நிலையில் நான் கற்றுக்கொடுத்தது எத்தனை நாள் நிற்கும்?

இதில் பெண்களால் முடிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவனின் ஜீப்பில் சென்றவர்கள், அவன் செல்போனில் பேசிக்கொண்டே வளைவில் திருப்பியதைப் பார்த்து, மறுநாள் காலையில் யாரும் ஏறாமல் நின்றுவிட்டார்கள். உரிமையாளர் ஓடிவந்தார். போனை வண்டி ஓடும் நேரத்தில் மூத்த அம்மா ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அந்த அம்மா அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வார். எந்த அபராதமும் செய்யாத வேலையை அந்தச் சுருக்குப் பை செய்தது.

சில விஷயங்களைத் தம்பி வேலைக்குச் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். கார் லைசென்ஸ் வைத்தே இந்த அளவு வாடகை வண்டியை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது, அதில் பயமில்லை. வாடகை வண்டி ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும், அதுவும் சரி. வண்டியின் நம்பர் பலகை மஞ்சளா வெள்ளையா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியில் ஆள் ஏற்றிக் காசு வாங்கினால் பெர்மிட் இல்லாத குற்றம், 10,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள சொந்த வண்டியில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. மஞ்சள் பலகையாக இருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கைக்கு மேல் ஏற்றினால் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம், கூடுதல் ஆட்களை இறக்கி வேறு வண்டி ஏற்பாடு செய்யும்வரை ஜீப் நகரக் கூடாது. நான் வழக்கறிஞர் இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அதோடு ஒரு சொல், ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று. 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிப்பட்டிப் பக்கத்து பக்தர்கள் 8 பேர் இந்தக் குமுளி மலைச் சாலையில்தான் கார் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் நிற்பவர் வழிப்போக்கர்தான். பலர் வழக்குக்குப் பயந்து நிற்பதில்லை. அந்தப் பயத்துக்கு இன்று இடமில்லை. உதவுபவரைச் சாட்சி சொல்லவோ பெயர் தரவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தமும் அடுத்த ஆண்டு வந்த விதிகளும் சொல்கின்றன. எல்லைக்கு இரு பக்கமும் 108 உண்டு. அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போடாதீர்கள். தீயோ வெள்ளமோ இல்லையென்றால் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருப்பதே நல்லது. இரத்தம் பீறிட்டால் துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள்.

தம்பியைச் சேர்க்கலாமா என்றால், இப்போதே முழு ஜீப்போடு சேர்க்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் வெறும் ஜீப்பில், மலையில் பழகிய மூத்த டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகலில் ஏறி இறங்கட்டும். பிறகு பாதி ஆட்களோடு ஓட்டட்டும். மழை இரவில் முழுச் சுமையோடு இறங்குவதை முதல் ஆறு மாதம் வேறொருவரிடம் விடச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று உரிமையாளரிடம் அவரே கேட்கட்டும். கேட்கும்போது உரிமையாளர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாத ஜீப்காரரிடம் வேலை வேண்டாம்.

இன்று மாலை அம்மா வீடு திரும்பியதும் ஜீப்பில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள், குழந்தையை மடியில் வைத்திருந்தால் அதையும் சேர்த்து. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று தம்பி பார்த்து வரட்டும். இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.